கேலடெட் 1988: மாணவர் சங்கங்கள் வென்று கொடுத்த தலைவர் பதவி

1988 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை மாலை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள கேலடெட் பல்கலைக்கழகத்தின் அடுத்த தலைவர் யார் என்று தெரிந்துகொள்ள மாணவர்கள் காத்திருந்தார்கள். நம்மூர்க் கணக்கில் அது துணைவேந்தர் பதவி. காது கேளாதோருக்கென்றே நடக்கும் அந்த நிறுவனம் பட்டம் வழங்கும் உரிமை பெற்று 124 ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை ஆண்டுகளில் காது கேளாத ஒருவர்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இந்த முறை இறுதிப் பட்டியலில் இருந்த மூவரில் இருவர் காது கேளாதவர்கள் என்பதால் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. ஆட்சிக் குழு தேர்ந்தெடுத்தது மூன்றாமவரை. எலிசபெத் ஜின்சர், காது கேட்பவர், சைகை மொழி தெரியாதவர். அந்த முடிவைச் சொல்ல ஆட்சிக் குழுவிலிருந்து யாரும் நேரில் வரவில்லை, அச்சடித்த செய்திக் குறிப்புதான் வந்தது.

சரியாக ஒரு வாரம் கழித்து, மார்ச் 13 அன்று, அதே ஆட்சிக் குழு ஐ. கிங் ஜோர்டனைத் தலைவராக அறிவித்தது. அவர் கேலடெட்டின் எட்டாவது தலைவர், காது கேளாதவர்களில் முதல்வர். இடைப்பட்ட நாட்களில் நடந்ததற்கு ‘காது கேளாத தலைவர் இப்போதே’ போராட்டம் என்று பெயர்.

உரிமைப் போராட்டம் என்ற கோணத்தில் இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். இந்த ஆய்வில் நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. இருபதை ஒட்டிய வயதுப் பிள்ளைகளால் ஒரே இரவில் ஒரு வளாகத்தையே மூடி, ஒரு வாரம் கட்டுக்கோப்பாக நடத்திக்காட்ட எப்படி முடிந்தது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர் பேரவை, விளையாட்டு அணி, மாணவர் பத்திரிகை, விடுதி, சங்கக் கூட்டம் என்று வகுப்பு முடிந்த பிறகு நடந்தவைதான் அவர்களைத் தயார் செய்திருந்தன. கல்லூரிகள் ‘இதர செயல்பாடுகள்’ என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் போடும் விஷயம், காது கேளாத மாணவர்களுக்குப் பாதிக் கல்வி.

வகுப்புக்கு வெளியே ஒரு நூற்றாண்டு

கேலடெட்டின் கதை 1857இல் ஆமோஸ் கெண்டல் கொடுத்த நிலத்தில் ஒரு சிறு பள்ளியாகத் தொடங்குகிறது. 1864இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அதற்குக் கல்லூரிப் பட்டம் வழங்கும் அதிகாரம் தந்தது. அந்தச் சட்டம் மாணவர்களுக்கு என்ன கொடுத்தது என்று புரிய, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். அந்த வீடுகள் பலவற்றில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிக்கிறார்கள், ‘என்ன?’ என்று குழந்தை கேட்டால் ‘ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்’ என்று பதில் வருகிறது. அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதே இல்லை. வம்பு, கேலி, சண்டை, சமாதானம், யாருக்கு யார் மேல் கோபம் என்று மற்ற பிள்ளைகள் காதோரமாகக் கேட்டே கற்றுக்கொள்ளும் உலக ஞானம் முழுவதும் இவர்களுக்குத் தட்டிப்போகிறது. அப்படி வளர்ந்த ஒருவர் கேலடெட் உணவுக்கூடத்துக்குள் நுழையும்போது, அறையின் அந்தக் கோடியில் நடக்கும் பேச்சுகூடக் கண்ணுக்குப் புரிகிறது. அவருக்கு அங்கே யாரும் எதையும் சுருக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

1892இல் மாணவர்கள் ‘பஃப் அண்ட் புளூ’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு மாணவிகளும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெண்களைக் கல்லூரி 1887இல்தான் சேர்த்துக்கொண்டது, சேர்த்த பிறகும் ஆண்கள் நடத்திய இலக்கியச் சங்கத்தில் அவர்களுக்கு இடமில்லை. அகதா டீகல் என்ற மாணவியின் தலைமையில் அவர்கள் ‘அவுல்ஸ்’ என்ற பெயரில் இரகசியச் சங்கம் வைத்துக்கொண்டு, வாதாடவும் கவிதை படிக்கவும் பழகினார்கள். 1893இல் டீகல் பட்டம் வாங்கியபோது, பெண்ணின் அறிவாற்றலைப் பற்றித்தான் மேடையில் பேசினார். சங்கத்தில் பழகியவருக்கு மேடை புதிதாக இருந்திருக்காது.

1890களில் கேலடெட்டின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தலைமையேற்று ஆடியவர் பால் ஹப்பர்ட். சைகையில் சொல்லும் ஆட்டத் திட்டத்தை எதிரணியிலிருக்கும் காது கேளாத ஆட்டக்காரர்கள் படித்துவிடக் கூடாது என்பதற்காக, அணியை நெருக்கமாக வட்டம் கட்டி நிற்க வைத்து நடுவில் கையசைத்தார். இன்று உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் அந்த வட்டம் அங்கேதான் பிறந்தது என்பது விளையாட்டு வரலாற்றில் பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. பிற்காலத்தில் எல்லைக்கோட்டுக்கு அருகே பெரிய முரசை வைத்து அடித்தார்கள். அதன் அதிர்வை உடம்பில் வாங்கி அணி ஒன்றாக நகரும். தேவைக்கு ஏற்ற வழியைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ளும் பழக்கம் இப்படித்தான் அந்த வளாகத்தில் ஊறியது.

வளாகத்துக்கு வெளியேயும் கைகள் நீண்டிருந்தன. காது கேளாதோரின் தேசியச் சங்கம் 1880இலேயே உருவாகிவிட்டது, கேலடெட் முன்னாள் மாணவர் சங்கம் 1889இல் வந்தது. படித்து முடித்தவர்கள் ஊர் ஊராகக் காது கேளாதோர் பள்ளிகளிலும் சங்கங்களிலும் பொறுப்பேற்றார்கள். கல்லூரியில் செயலாளராக இருந்தவர், ஊருக்குப் போனதும் அங்குள்ள சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். 1988இல் கை கொடுத்தது இந்த வலைதான்.

அந்த வாரம்

முந்தைய தலைவர் ஜெர்ரி லீ 1987இல் பதவி விலகப்போவதாக அறிவித்தார். காது கேளாதவர் ஒருவர் வர வேண்டும் என்ற பேச்சு முன்னாள் மாணவர்களிடமும் தேசியச் சங்கத்திலும் எழுந்தது, ஆனால் மாணவர்களில் பெரும்பாலோர் முதலில் பெரிதாக அசையவில்லை. அசைத்தவர்கள் தங்களை ‘வாத்துகள்’ என்று அழைத்துக்கொண்ட ஒரு சிறு குழுவினர், எல்லோரும் இளம் முன்னாள் மாணவர்கள். அவர்கள் திட்டமிட்டு, மார்ச் 1 அன்று கால்பந்து மைதானத்தில் பேரணி தொடங்கினார்கள். அன்று விநியோகித்த துண்டறிக்கையின் வாதம் எளிமையானது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குக் கத்தோலிக்கர் தலைவரானார், பெண்கள் கல்லூரிக்குப் பெண் தலைவரானார், கறுப்பினத்தவரின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு 1926இல் கறுப்பினத்தவர் தலைவரானார், அப்படியென்றால் கேலடெட்டுக்கு? ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். ‘யார் வந்தால் என்ன’ என்று இருந்த பிள்ளைகள் பலர் மாறியது அன்றைக்குத்தான்.

மார்ச் 6 மாலை செய்திக் குறிப்பு வந்ததும் கூட்டம் சாலைக்கு இறங்கியது. ஆட்சிக் குழு தங்கியிருந்த மேஃபிளவர் ஓட்டல் வரை நடந்தே போனார்கள். அங்கே மாணவர் தரப்பினரைச் சந்தித்த ஆட்சிக் குழுத் தலைவி ஜேன் ஸ்பில்மன், காது கேட்கும் உலகில் செயல்படக் காது கேளாதோர் இன்னும் தயாராகவில்லை என்ற பொருளில் பேசியதாகச் செய்தி பரவியது. தான் அப்படிச் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்துவிட்டது என்று அவர் மறுத்தார். எது எப்படியிருந்தாலும் காது கேளாதோரின் பல்கலைக்கழகத்துக்கு ஆட்சிக் குழுத் தலைவியாக இருப்பவர் மாணவர்களிடம் நேரடியாகப் பேச ஒரு மொழியைக் கற்றிருக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்ற வாதத்தைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

திங்கள் விடிந்தபோது வளாகத்தின் வாயில்கள் அடைபட்டிருந்தன. வண்டிகளைக் குறுக்கே நிறுத்தி, சக்கரங்களில் காற்றை இறக்கிவிட்டிருந்தார்கள். சைக்கிள் பூட்டுகளும் சங்கிலிகளும் வாயிற்கதவுகளில் தொங்கின. கோரிக்கைகள் நான்கு. ஜின்சர் விலகி, காது கேளாத தலைவர் நியமிக்கப்பட வேண்டும். ஸ்பில்மன் விலக வேண்டும். ஆட்சிக் குழுவில் காது கேளாதோர் 51 விழுக்காடு இருக்க வேண்டும் (அப்போது 21 பேரில் நான்கு பேர்தான் காது கேளாதவர்கள்). போராடிய யார் மீதும் பழிவாங்கும் நடவடிக்கை கூடாது.

அன்று மாலை உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். ஆட்சிக் குழு மாணவர் தரப்போடு பேசிவிட்டு, எந்தக் கோரிக்கையையும் ஏற்காமல், அதை விளக்கிச் சொல்லக் கூடத்துக்கு வந்தது. ஸ்பில்மன் பேசத் தொடங்கும் முன்பே ஹார்வி குட்ஸ்டீன் என்ற ஆசிரியர் மேடையேறி, கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டுவிட்டன என்று சைகையில் அறிவித்து, எல்லோரும் வெளியேறுங்கள் என்றார். கூட்டம் எழுந்தது. அந்த நேரம் யாரோ தீ அபாய மணியை இயக்கிவிட்டார்கள். இந்தச் சத்தத்தில் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காதே என்ற பொருளில் ஸ்பில்மன் சொல்ல, ‘என்ன சத்தம்?’ என்று கைகள் கேட்டன. அத்தனை பேரும் சில நொடிகளில் ஒரே செய்தியைப் பெற்று, ஒரே திசையில் நடந்தார்கள். ஒலிபெருக்கி எதுவும் தேவைப்படவில்லை. உயரமான ஒரு மேடையும் எல்லோருக்கும் தெரிந்த மொழியும் இருந்தன. அந்தக் கூடத்தில் அன்று யாருக்குத் தொடர்பு வசதி இல்லாமல் போனது என்று யோசித்துப் பாருங்கள்.

போராட்டத்தின் முகமாக நான்கு மாணவர்கள் நின்றார்கள். மாணவர் பேரவைத் தலைவர் கிரெக் ஹிலிபாக், அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த டிம் ராரஸ், பிரிட்ஜெட்டா போர்ன், ஜெர்ரி கோவல். மாணவர், ஆசிரியர், ஊழியர், முன்னாள் மாணவர், வெளிச் சமூகம் என எல்லாத் தரப்பும் சேர்ந்த ஒரு குழு பின்னால் இருந்து திட்டமிட்டது. சைகை மொழிபெயர்ப்பாளர்கள் தாமாக வந்து குவிந்தார்கள், காது கேட்கும் தன்னார்வலர்கள் தொலைபேசியில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் பதில் சொன்னார்கள். ஆசிரியர்கள் கூடி வாக்கெடுத்து, மிகப் பெரிய பெரும்பான்மையில் மாணவர்கள் பக்கம் நின்றார்கள். புதன் இரவு தேசியத் தொலைக்காட்சியில் ஹிலிபாக்கும் ஜின்சரும் காது கேளாத நடிகை மார்லி மாட்லினும் ஒரே நிகழ்ச்சியில் பேசினார்கள். அந்த மாணவர் ஒரு பல்கலைக்கழகத் தலைவருக்குச் சமமாக உட்கார்ந்து வாதாடியதை நாடு பார்த்தது.

ஜோர்டனின் பங்கும் சொல்லத் தக்கது. அவர் அப்போது கலை, அறிவியல் பிரிவின் முதல்வர். 21ஆம் வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கேட்கும் திறனை இழந்தவர். புதன்கிழமை ஜின்சரை ஆதரித்து அறிக்கை விட்டார், மறுநாளே அதைத் திரும்பப் பெற்று மாணவர்கள் பக்கம் வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிர்வாகத்தின் படிக்கட்டில் ஏறி வந்த ஒருவரை, மாணவர்களின் உறுதி ஒரே நாளில் திருப்பியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

வியாழன் இரவு ஜின்சர் விலகினார். பெரிய வெற்றிதான், ஆனால் கூட்டம் கலையவில்லை. மறுநாள் மாணவர்கள் சட்டையில் குத்தியிருந்த பொத்தானில் ‘3½’ என்று எழுதியிருந்தது. முதல் கோரிக்கையில் பாதிதான் நிறைவேறியிருக்கிறது, இன்னும் மூன்றரை பாக்கி என்று கணக்கு. வெள்ளியன்று சுமார் 2,500 பேர் நாடாளுமன்றக் கட்டடம் நோக்கி நடந்தார்கள். முன்னால் போன பதாகையில் ‘எங்களுக்கு இன்னும் கனவு இருக்கிறது’ என்ற வரி இருந்தது. கறுப்பினத்தவரின் இயக்கத்தில் பயன்பட்ட பதாகை, இரவலாக வந்தது. ஞாயிறன்று ஸ்பில்மன் விலகி, காது கேளாதவரான ஃபில் பிராவின் ஆட்சிக் குழுத் தலைவரானார். செய்தியைச் சொல்ல அவர் ஹிலிபாக்கை அழைத்தார், இரு பக்கமும் தட்டச்சு செய்து பேசும் டிடிஒய் தொலைபேசியில். நான்கு கோரிக்கைகளும் ஏற்கப்பட்டன.

எது வேலை செய்தது

இந்த வெற்றிக்குத் தனிநபர் துணிச்சலைக் காரணமாகச் சொல்வது வழக்கம். துணிச்சல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் துணிச்சலை மட்டும் வைத்து ஏழு நாள் தாக்குப்பிடிக்க முடியாது. யார் எந்த வாயிலில் நிற்பது, சாப்பாடு எங்கிருந்து வரும், யார் பத்திரிகையாளரிடம் பேசுவது, பேசும்போது எதைச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் சங்கம் நடத்திப் பழகியவர்களுக்குத்தான் கைவரும். தேர்தலில் நின்று வென்ற ஹிலிபாக்குக்குத் தலைமை உரிமை ஏற்கெனவே இருந்தது, போராட்டத்தின் நடுவில் ‘நீ யார் பேசுவதற்கு?’ என்ற சண்டை வரவில்லை. விடுதி என்பதால் செய்தி அறைக்கு அறை சில நிமிடங்களில் பரவியது. வாத்துகள் மாணவர்களைத் தேடி வந்ததற்குக் காரணமும் பழைய வளாகச் சிநேகம்தான்.

இன்னொரு விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முன்னணியில் நின்ற நால்வரும் காது கேளாத பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே கிடைக்கும் வாய்ப்பு அது. சாப்பாட்டு மேசைப் பேச்சை முழுதாகப் பார்த்து வளர்ந்தவர்கள், ‘நம்மால் முடியும்’ என்பதை வீட்டிலேயே கண்டவர்கள். மற்றவர்களுக்கு அந்த வீட்டை ஓரளவாவது ஈடுசெய்தது வளாகம்தான் என்று நினைக்கிறேன். தலைவர்களாக நின்றது நான்கு பேர் என்றாலும், பின்னால் நின்ற ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் காது கேட்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

விடுபட்டவர்கள்

இந்த வளாக வாழ்க்கைக்கு இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதினால் ஆய்வு பாதிதான். கேலடெட்டில் கறுப்பின மாணவர்களுக்குக் கதவு வெளிப்படையாகத் திறந்தது 1951இல், ஆண்ட்ரூ ஃபாஸ்டர் சேர்ந்தபோது. 1954இல் பட்டம் பெற்ற அவர் பிறகு ஆப்பிரிக்கா சென்று காது கேளாதோருக்காக 30க்கும் மேற்பட்ட பள்ளிகள் தொடங்கினார். அந்த வளாகம் உருவாக்கிய சமூகத் தொண்டர்களில் அவருக்கு இணையாக இன்னொருவரைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் படித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே வளாகத்தில் இருந்த கெண்டல் பள்ளி, லூயிஸ் மில்லர் என்ற தாய் தொடுத்த வழக்குக்குப் பிறகே கறுப்பினக் குழந்தைகளைச் சேர்த்தது, அதுவும் தனிக் கட்டடத்தில். அவர்களுக்குச் சேர வேண்டிய சான்றிதழ்களைப் பல்கலைக்கழகம் 2023இல்தான் வழங்கியது.

உதட்டசைவைப் பார்த்தும் பேசியும் வளர்ந்து, சைகை மொழி அரைகுறையாகத் தெரிந்து வருபவர்களின் நிலையும் சிக்கலானது. வெளியே காது கேளாதவர் என்று ஒதுக்கப்பட்டு, உள்ளே வந்தால் ‘நீ சரியாகக் கையசைக்கவில்லை’ என்ற பார்வை. இவர்களுக்காக வகுப்பு தொடங்கும் முன் கோடையில் தீவிரச் சைகை மொழிப் பயிற்சி நடத்துகிறார்கள், அது நல்ல ஏற்பாடு. ஆனால் சங்கத்தின் உள்வட்டத்துக்குள் நுழைவது பயிற்சி வகுப்பால் மட்டும் நடப்பதில்லை.

2006இல் இந்த விரிசல் வெளியே வந்தது. ஜேன் ஃபெர்னாண்டஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரும் காது கேளாதவர், பேச்சு வழியில் வளர்ந்து இருபதுகளில் சைகை மொழி கற்றவர். மாணவர்கள் மறுபடி வாயில்களை அடைத்தார்கள். தேர்வு நடந்த முறையும் அவருடைய நிர்வாகப் போக்கும்தான் தங்கள் எதிர்ப்புக்குக் காரணம் என்றார்கள் அவர்கள். ‘போதிய அளவு காது கேளாதவர் இல்லை’ என்று தன்னை ஒதுக்குவதாக அவர் சொன்னார். அக்டோபர் 13 அன்று 130க்கும் மேற்பட்டோர் கைதானார்கள், மாத இறுதியில் ஆட்சிக் குழு நியமனத்தை ரத்து செய்தது. அதே கட்டுக்கோப்பும் அதே உத்தியும் இருந்தும், 1988இல் எல்லோரையும் ஒன்றாக்கிய கேள்வி இப்போது இல்லை. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் அங்கீகாரமே கண்காணிப்பில் வைக்கப்பட்டது.

காது கேட்பவர்கள் நிறைந்த வளாகத்தில்

கேலடெட் மாதிரியான இடம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. காது கேட்கும் மாணவர்கள் நடுவே ஒருவராக, இருவராகப் படிப்பவர்கள்தான் அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடம், நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம். காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்லூரி 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 1968இல் அங்கே மாணவர்களைச் சேர்த்தது. பல ஆயிரம் கேட்கும் மாணவர்களுக்கு நடுவே சுமார் ஆயிரம் பேர்.

அங்கே சைகை மொழிபெயர்ப்பாளர்கள் வகுப்போடு நின்றுவிடுவதில்லை. சங்கக் கூட்டம், விளையாட்டு, கலைநிகழ்ச்சி என்று கேட்டால் வருகிறார்கள். காது கேளாத மாணவர்களுக்குத் தனிப் பேரவை இருக்கிறது, ஒட்டுமொத்த மாணவர் பேரவையிலும் அவர்கள் போட்டியிடுகிறார்கள். 2006இல், கேலடெட் கொந்தளித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், காது கேளாத மாணவி ஒருவர் முதன்முறையாக அந்த ஒட்டுமொத்தப் பேரவைக்குத் தலைவரானார். அவரைத் தேர்ந்தெடுத்ததில் பெரும்பகுதி வாக்காளர்கள் காது கேட்பவர்கள். கேலடெட்டின் 1988ஐ எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள், இந்தத் தேர்தலையும் அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பேன்.

சாதாரணக் கல்லூரிகளில் நிலைமை வேறு. 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும், 1990இன் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும் வகுப்பைத் தாண்டி விளையாட்டுக்கும் மன்றங்களுக்கும் பொருந்தும். நடைமுறையில் சங்கக் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கூட்டம் நேரம் மாறினால் அவர் வர முடியாது. கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடிக்கப் போகும் இடத்துக்கு அவர் வருவதில்லை, அடுத்த செயலாளர் யார் என்று தீர்மானமாவதோ பெரும்பாலும் அங்கேதான். இதற்கு முழுத் தீர்வு எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் சில காரியங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் செலவை ஒவ்வொரு மன்றத்தின் தலையிலும் கட்டாமல் கல்லூரியின் பொதுக் கணக்கில் வைக்கலாம். விடுதியில் காது கேளாத மாணவர்களை ஆளுக்கொரு மூலையாகப் பிரிக்காமல், அவர்கள் விரும்பினால் ஒரே தளத்தில் அறை கொடுக்கலாம். மன்றப் பொறுப்பாளர்களுக்கு அடிப்படைச் சைகை மொழி வகுப்பு நடத்தலாம், அந்த வகுப்பை எடுக்கும் வேலையைக் காது கேளாத மாணவர்களுக்கே சம்பளத்தோடு கொடுக்கலாம்.